மலை ரூட்டரைப் பூட்டியது யார்

சாகர
13 ஜூலை 2023

வினுதா,

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு நீ பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, கட்டினகொப்பா மலை மேல் இருக்கும் நம் ரூட்டரின் அமைப்பை மாற்றினாய். அதோடு மலை செத்தது. மலைக்குப் பின்னால் பதினோரு ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு மூன்று நாள் இணையம் இல்லை. நேற்று சாயங்காலம் நம் லைன்மேன் கணபதி ஏறிப் போய், ரூட்டரின் முதுகில் இருக்கும் பொத்தானை அமுக்கி அதன் நினைவை மொத்தமாகத் துடைத்த பிறகுதான் ஏதோ கொஞ்சம் உயிர் வந்தது. நடந்தது இவ்வளவுதான். இதில் எனக்கும் உனக்கும் கருத்து வேறுபாடு வர வழியில்லை என்று நினைத்தேன்.

ஆனால் நீ அன்றைக்கே உன் வலைத்தளத்தில் கட்டுரை எழுதிவிட்டாய். ஊர் தானே கட்டிய வலை ஏன் செத்தது என்று தலைப்பு. செல்போன் கோபுரத்தில் கழித்துப் போட்ட பேட்டரியை வாங்கி வைக்கும் "கடைக்காரப் புத்தி"தான் காரணமாம். என் பெயர் இல்லை. சாகரவில் இணையம் விற்கிற எத்தனை கடைக்காரர்கள் இருக்கிறோம்? ஹெரவள்ளி சுப்பராயரின் மகன் ஐதராபாத்திலிருந்து போன் செய்து, "அண்ணா, உங்க பேட்டரி நெட்ல ஃபேமஸ் ஆயிடுச்சே" என்று சிரிக்கிறான். அவன் அப்பாவிடம் மாதாமாதம் பணம் வாங்குகிறவன் நான்.

கணபதியின் காலை நீ பார்த்திருக்க வேண்டும். காற்று பலம் என்று அணைநீரைக் கடக்கிற லாஞ்சை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் காத்துப் பார்த்துவிட்டு, சுற்று வழியில் போய், லேப்டாப்பை உர மூட்டைப் பைக்குள் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறான். "கால்ல இருந்து பதினேழு அட்டை புடுங்கிப் போட்டேன் முதலாளி. பதினெட்டாவத பெங்களூருக்குப் பார்சல் பண்ணலாம்னு வச்சிருக்கேன்" என்றான்.

விஷயத்துக்கு வருகிறேன். மற்ற ஏழு ரூட்டரும் உன் கடவுச்சொல்லுக்குள் கிடக்கின்றன. இரும்பு என்னுடையது, கம்பி என்னுடையது, பாக்கு மரத்துக்கு மரம் தோட்டக்காரர்களிடம் கெஞ்சி இழுத்தவன் நான். சாவி மட்டும் உன்னிடம். துடைத்துப் போட்ட மலை ரூட்டரை அவற்றோடு பேச வைக்க எங்களால் முடியவில்லை. பாதி வீட்டுக்கு இன்னும் நொண்டி நொண்டித்தான் போகிறது. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் கடவுச்சொற்கள் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால், மூன்று மாதமாக என் கடைப் படியைத் தேய்க்கிற பெரிய கம்பெனி ஆளுக்கு இந்த வலையை எழுதிக் கொடுத்துவிடுவேன்.

போனில் பேச வேண்டாம். நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். எழுது.

திம்மப்ப நாயக்


பெங்களூரு
14 ஜூலை

திம்மப்பண்ணா,

கணபதியின் காலுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். அவனிடம் தனியாகவும் கேட்டுவிட்டேன். உங்களிடம் கேட்க எதுவும் இல்லை.

பத்து நிமிட அலாரம் என்றால் என்ன என்று உங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். தூரத்து ரூட்டரைத் தொடும் முன், "பத்து நிமிடத்தில் நீயே அணைந்து எழுந்திரு" என்று அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். கை தவறி நமக்கு நாமே கதவை அடைத்துக்கொண்டாலும், அது எழும்போது பழைய அமைப்போடு எழும், கதவு திறந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் அலாரத்தை ரத்து செய்யலாம். திங்கட்கிழமையும் அலாரம் வைத்துவிட்டுத்தான் தொட்டேன். அது அணைந்தது. எழவில்லை. ஓடிக்கொண்டிருப்பதை ஓட வைக்கக் கிழட்டு பேட்டரி போதும். அணைந்ததை எழுப்பப் போதாது. நான் எழுதியது இதைத்தான். பெயர் போடாமல் எழுதினேன், அது நான் காட்டிய தயவு.

கடவுச்சொற்களைக் கேட்கிறீர்கள். உங்கள் கல்லாப்பெட்டி மூடியில் கடை வைஃபையின் கடவுச்சொல் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறது. அதுவும் உங்கள் செல் நம்பர். அந்தக் கையில் நானூறு வீட்டின் சாவியைக் கொடுப்பேன் என்று எப்படி நினைத்தீர்கள்?

இன்றைக்கு ஒரு பல்பு வாங்கினால் அது நம் மின்னஞ்சலைக் கேட்கிறது. மழை வருமா என்று பார்க்கப் போனால் ஆறு விளம்பரம் குதித்து வந்து, நான் எங்கே நிற்கிறேன் என்று விசாரிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கணினி யாருக்கோ வேலை பார்க்கிறது. இந்த அசிங்கத்துக்கு நடுவே, ஒரு காட்டு மூலையில், ஜனங்கள் தாங்களே கம்பி இழுத்து தாங்களே நடத்துகிற வலை ஒன்று இருக்கட்டும் என்றுதான் ஆறு வருடமாக என் சனி ஞாயிறை ஒரு பைசா வாங்காமல் உங்களுக்குக் கொடுத்தேன். அதற்கு நீங்கள் வைத்த பெயர் "பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு."

விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனி வந்தால் ஹெரவள்ளி மாதிரி மூலை ஊரைத்தான் முதலில் கழற்றிவிடும், என் அம்மா அங்கே இருக்கிறாள் என்பதை வைத்து என்னை மிரட்ட வேண்டாம்.

வினுதா


சாகர
17 ஜூலை

இன்ஜினியரம்மாவுக்கு,

இதோடு மூன்று படம் இணைத்திருக்கிறேன்.

நான் பதினாறு வயதில் டிவி ரிப்பேர் கடையில் தரை கூட்டியவன். என் முதலாளி சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: பெட்டியைப் பிரிக்கும் முன், உள்ளே எது எங்கே இருந்தது என்று காகிதத்தில் வரைந்து வை. இப்போது காகிதம் வேண்டாம், செல்போன் இருக்கிறது. என்னிடம் வேலை செய்கிற யாரும் படம் எடுக்காமல் எதையும் தொடக்கூடாது. கணபதி மழையில் நின்றுகொண்டு அந்தப் பொத்தானை அமுக்குவதற்கு முன் மூன்று படம் எடுத்திருக்கிறான்.

முதல் படம் பேட்டரி மேல் மீட்டர். பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட். செத்த பேட்டரியா? இரண்டாவது படத்தில் ரூட்டரின் பச்சை விளக்கு எரிகிறது. அது எழுந்துதான் இருந்தது, தாயே. மூன்று நாளும் முழித்துக்கொண்டுதான் இருந்தது. உன்னையும் என்னையும் உள்ளே விடாமல் முழித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது படம், பக்கத்திலிருந்து கம்பி போட்டு, படிக்க மட்டும் விடும் கடவுச்சொல்லில் பார்த்தபோது ரூட்டர் தானே எழுதி வைத்திருந்த நாட்குறிப்பு. 10:38க்கு அலாரம் வைத்தாய். நல்லது. 10:41க்குப் பாதையை மாற்றினாய். அதே 10:41க்கு, அடுத்த வரியில், "சேமி" என்று சொன்னாய். 10:48க்கு அது சொன்னபடி அணைந்து எழுந்தது.

மாற்றுவது சிலேட்டில் எழுதுவது மாதிரி, சேமிப்பது கல்லில் வெட்டுவது மாதிரி என்று நீதான் எங்களுக்குச் சொன்னாய். சிலேட்டில் எழுதியிருந்தால் எழும்போது அழிந்திருக்கும். நீ சரிபார்க்கும் முன்பே கல்லில் வெட்டிவிட்டாய். அது எழுந்ததும் உன் தப்பையே பக்தியோடு மறுபடி படித்தது. நூறு பேட்டரி வைத்தாலும் அப்படித்தான் படித்திருக்கும்.

உன்னை மாதிரி ஆட்களிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் தங்கள் தப்பை மறைக்கின்றன என்று பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். உங்கள் தப்பு என்றால் இரும்பின் மேல் போடுவீர்கள், இல்லையென்றால் இரும்பு வாங்கிக் கொடுத்தவன் மேல். எனக்குப் பட்டப்படிப்பு இல்லை. பின்னால் நாலு திருகாணி இருந்து, திறந்தால் உள்ளே தெரிகிற சாமானைத்தான் நான் நம்புவேன். மனிதரும் அப்படி இருந்தால் நல்லது.

கம்பெனி ஆள் நேற்றும் வந்தான். வரைபடத்தை விரித்துக்கொண்டு, ஹெரவள்ளியையும் அதற்குப் பின்னால் மூன்று ஊரையும் பேனாவால் அடித்தான். "இந்த நாலும் நமக்குக் கட்டுப்படியாகாது சார், கட் பண்ணிடலாம்" என்றான். கீரைத்தண்டு நறுக்குகிற மாதிரி. நான் மிரட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பதினாலு நாள் இருக்கிறது. கட்டுரையை எடு, கடவுச்சொல்லை அனுப்பு.

திம்மப்ப நாயக்


பெங்களூரு
19 ஜூலை

திம்மப்பண்ணா,

படங்களைப் பார்த்தேன்.

மூன்று வரியையும் தனியாக எழுதி வைத்து, சேர்த்து ஒரே தடவையில் ஒட்டினேன். கடைசி வரி "சேமி". பதினோரு வருடமாக எதை எழுதினாலும் கடைசியில் அதை எழுதி எழுதி என் விரலுக்கு அது முற்றுப்புள்ளி மாதிரி ஆகிவிட்டது. என்னிடம் வேலை பழகுகிற எவனாவது இப்படிச் செய்திருந்தால் ஒரு வாரம் அவனைத் திட்டியிருப்பேன். பேட்டரி இல்லை. நான்தான்.

எழுதிவிட்டேன். இப்போது நீங்கள் பதில் சொல்லுங்கள். வேலை நாள், காலை பத்தே முக்கால், அடை மழை. நான் ஏன் மலை ரூட்டரைத் தொட்டேன் என்று இதுவரை நீங்கள் கேட்கவே இல்லையே, ஏன்?

நான் சொல்கிறேன். நம் வீடுகளில் யார் எந்தத் தளத்தின் பெயரை அடித்தாலும், அதன் முகவரியைக் கேட்டு ஒரு கேள்வி முதலில் என் கணினிக்கு வரும். அது பதில் சொல்லும், கேட்டதை மறந்துவிடும். அப்படித்தான் அமைத்திருந்தேன். ஜூன் கடைசியிலிருந்து கேள்விகள் குறைந்தன. ஒரு மணி நேரத்துக்குப் பதினோராயிரம் வந்த இடத்தில் நூறு கூட வரவில்லை. ஜனங்கள் மழைக்குத் தூங்குகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு துரத்திக்கொண்டு போய்ப் பார்த்தால், எல்லாக் கேள்வியும் மலை மேல் நான் வைக்காத ஒரு பெட்டிக்குள் போகிறது. அங்கிருந்து சிவமொக்காவுக்கு ஒரு பிரதி. யார் வீடு, என்ன தளம், எத்தனை மணி.

அந்தப் பெட்டிக்குப் போகிற பாதையைத்தான் அடைக்கப் பார்த்தேன். அவசரத்தில் நம் பாதையையும் சேர்த்து அடைத்துவிட்டேன். ஆத்திரத்தில் இன்னொரு தடவை படித்துப் பார்க்காமலே ஒட்டினேன், போதுமா?

மலைக்கு உங்கள் அனுமதி இல்லாமல் ஆள் ஏற முடியாது. அந்தப் பெட்டியை வைத்தது யார், அண்ணா? உங்கள் நாலு திருகாணியைக் கழற்றுங்கள், உள்ளே பார்ப்போம்.

வினுதா


சாகர
21 ஜூலை

வினுதா,

நான்தான் வைத்தேன்.

மே மாதம் சிவமொக்காவிலிருந்து ஒரு விளம்பரக்காரன் வந்தான். மலைக்கு இரண்டு சோலார் தகடு இலவசம், பதிலுக்கு ஒரு சின்னப் பெட்டி வைத்துக்கொள்ள இடம் வேண்டும் என்றான். என்ன பெட்டி என்று கேட்டேன். "பொதுவா ஜனங்க எதப் பார்க்கிறாங்கன்னு ஒரு கணக்கு சார், பேரெல்லாம் இருக்காது" என்றான். போன மழையில் கரண்ட் ஒன்பது நாள் இல்லாமல் நாம் பட்ட பாடு உனக்குத் தெரியும். சரி என்றேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நாற்பது பக்கம் எழுதுவாய் என்று சொல்லவில்லை. முப்பது வருடமாக வியாபாரம் செய்கிறேன், சும்மா வருகிற சாமான் உலகத்தில் கிடையாது என்று தெரியாதவன் இல்லை. பாதி தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் மேற்கொண்டு கேட்கவில்லை.

உன் கடிதம் வந்ததும் அவனைக் கூப்பிட்டேன். நேற்று வந்தான். நீ எடுப்பதைக் காட்டு என்றேன். மறைப்பான் என்று நினைத்தேன். அவன் ஏதோ பேரப்பிள்ளை படம் காட்டுகிற மாதிரி லேப்டாப்பைத் திருப்பிப் பெருமையாகக் காட்டினான். வீடு வீடாக இருக்கிறது. பெயர் இல்லைதான். நம்முடைய இணைப்பு எண் இருக்கிறது. எந்த எண் எந்த வீடு என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

ஒரு எண்ணைக் காட்டினான். மங்களூர்ப் பக்கத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றின் தளம், இரண்டு வாரத்தில் இருபத்திரண்டு தடவை. "இந்த வீடு தங்கம் சார். இன்சூரன்ஸ்காரங்க நல்லாக் குடுப்பாங்க" என்றான்.

அந்த எண் யாருடையது என்று எழுத மாட்டேன். தினம் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர். வெற்றிலைக் கவுளி விலையும் அரசியலும் பேசுகிறவர். அவர் வீட்டுக்காரம்மாவுக்கே விஷயம் தெரியாது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது. இன்று காலையும் வந்தார். பேப்பரை நீட்டினேன். முகத்தைப் பார்க்கவில்லை. "என்ன நாயக்கரே, கடன்காரனப் பார்த்த மாதிரி இருக்கீங்க" என்றார்.

கணபதியையும் கூட்டிக்கொண்டு நானே மலையேறினேன். என் முட்டிக்கு இது கடைசி ஏற்றம். பெட்டியைக் கழற்றிப் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டேன். தகடுகளுக்கு என்ன விலையோ அதைக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நேற்றே, எடுத்ததை அழித்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் வரை அவனை எழுந்திருக்க விடவில்லை. அழித்தானா என்பது அவனுக்குத்தான் வெளிச்சம்.

இதையெல்லாம் எழுதியதால் உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பெட்டியைப் பார்த்தவுடன் எனக்கு ஒரு போன் போட்டு, "அண்ணா, இது என்ன திருட்டுத்தனம்" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன் சொத்து மாதிரி நீயே வெட்டினாய். நான் உனக்குச் சொல்லாமல் வைத்தேன், நீ எனக்குச் சொல்லாமல் அடைத்தாய். நடுவில் நானூறு வீடு.

திம்மப்ப நாயக்


பெங்களூரு
23 ஜூலை

திம்மப்பண்ணா,

கேட்டிருந்தால் "பார்க்கலாம்மா" என்று சொல்லியிருப்பீர்கள். ஆறு வருடத்தில் எத்தனை "பார்க்கலாம்மா" என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அது சரி என்று சொல்லவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

கட்டுரையை எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். எழுதியதை அழிப்பது கோழைத்தனம். அதன் தலையில், எல்லா எழுத்தையும் விடப் பெரிய எழுத்தில், பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, வலையைச் சாய்த்தது என் கைதான் என்று எழுதி, கணபதியின் மூன்றாவது படத்தையும் போட்டிருக்கிறேன். ஒரு பையன் வந்து, சரிபார்க்கும் முன் சேமிக்கிறவள் மற்றவர்களுக்கு உபதேசம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறான். முன்பு என்னைப் பாராட்டியவன். நன்றாகத்தான் கேட்டிருக்கிறான்.

பெட்டியைப் பற்றியும் எழுதிவிட்டேன். நீங்கள் வைத்தீர்கள், நீங்களே கழற்றினீர்கள் என்று. அந்த வீட்டைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. உங்கள் பெயர் இந்தத் தடவை இருக்கிறது. ஊருக்குத் தெரிய வேண்டும். ஆத்திரப்பட்டால் படுங்கள்.

நான் விலகிக்கொள்கிறேன். ஏழு ரூட்டரின் கடவுச்சொற்களையும் காகிதத்தில் எழுதி, கணபதி பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உங்கள் பெயருக்கு அனுப்பக் கை வரவில்லை. அவன் ஓரளவு பழகிவிட்டான், மீதியைப் பழகிக்கொள்வான். சும்மா செய்கிற வேலை என்பதால், எனக்குத் தோன்றியபோது செய்தேன், தோன்றியபடி செய்தேன். யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அப்படி நடக்கிற வேலையில் ஒருநாள் இப்படித்தான் ஆகும். போதும்.

வினுதா


சாகர
26 ஜூலை

வினுதா,

பதிவுத் தபால் வந்தது. கணபதி பிரிக்கவில்லை. என் மேசை மேல் வைத்துவிட்டு, "நான் லைன்மேன் முதலாளி. கம்பத்துல ஏறச் சொன்னா ஏறுறேன். இத என் தலையில ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நானும் பிரிக்கவில்லை. உறை அப்படியே இருக்கிறது.

கட்டுரையைப் படித்தேன். ஊரும் படித்தது. ஹெரவள்ளியிலிருந்து ஏழு வீடு இணைப்பை வெட்டிக்கொண்டது. ஒரு தோட்டக்காரர் தன் மரத்திலிருந்து என் கம்பியை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டார். சுப்பராயர் கடைக்கு வந்து பத்து பேர் முன்னால், "திம்மப்பா, என் பொண்டாட்டி என்ன பார்க்கிறான்னு எனக்கே வேண்டாம்டா, நீ எதுக்குடா விக்கிற" என்று கேட்டார். தப்புதான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கம்பெனி ஆளும் நேற்று வந்தான், ஒப்பந்தக் காகிதத்தோடு. படித்துக் காட்டச் சொன்னேன். ஒன்பதாம் பக்கத்தில், வாடிக்கையாளரின் பழக்கவழக்கங்களைச் சேகரிக்கவும் பிறருக்கு வழங்கவும் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று நல்ல சுத்தமான எழுத்தில் போட்டிருக்கிறது. மலை மேல் ஒளித்து வைத்த பெட்டிக்கு என்னைத் திட்டினார்கள். இவன் அதையே காகிதத்தில் அடித்து, மை பேனாவும் கொடுக்கிறான். நாலு ஊரையும் வெட்டிவிட்டு. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே சாவி இருக்கிறது, வலை இருக்கிறது, நடத்த ஆள் இல்லை. நீ விலகுகிறேன் என்கிறாய். விலகுவது சுலபம், நீதான் சம்பளம் வாங்கவில்லையே. ஆறு வருடமாக உன்னிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சும்மா செய்கிற பெண், என்ன உரிமையில் கேட்பது? அதனால்தான் "பார்க்கலாம்மா" என்று நழுவினேன், பெட்டியையும் உனக்குத் தெரியாமல் வைத்தேன். இலவசத் தகடும் இலவச இன்ஜினியரும் ஒரே மாதிரிதான். இரண்டுக்கும் விலை வேறு எங்கோ விழுகிறது.

நீ வேலைக்கு வா. மாதம் பன்னிரண்டாயிரம். சம்பளம் வாங்கினால்தான் உன்னை நான் திட்ட முடியும். சம்பளம் கொடுத்தால்தான், என் கடையில் நடப்பதை என்னிடம் கேட்க உனக்கும் வாய் வரும்.

திம்மப்ப நாயக்


பெங்களூரு
27 ஜூலை

திம்மப்பண்ணா,

பன்னிரண்டாயிரத்துக்கு பெங்களூரில் கார் கூட நிறுத்த முடியாது. பதினைந்து.

எந்தப் பெட்டியும் என் கையெழுத்து இல்லாமல் மலையேறக் கூடாது. இலவசமாக வருவது எதுவும், ஊதுபத்தியே ஆனாலும், எனக்குத் தெரிய வேண்டும். இணைப்பை வெட்டிய ஏழு வீட்டுக்கும் நீங்களே நேரில் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும், கணபதியை அனுப்பக் கூடாது. கல்லாப்பெட்டி மூடியில் இருப்பதை இன்றைக்கே அழித்துவிட்டு வேறு வைக்க வேண்டும், அதுவும் உங்கள் பஸ் நம்பர், வீட்டு நம்பர் என்று எதுவும் இல்லாமல்.

என் கோபம் போகவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வினுதா


சாகர
29 ஜூலை

வினுதா,

ஆறு வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். நாலு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் நாய். ஏழாவது உன் அம்மா. நாளைக்குப் போகிறேன். போவதற்கு முன் இங்கே முடித்துக்கொள்வோம்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதியிலிருந்து மாதம் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு, முன்பணமாக. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது, ஏழு வீடு போய்விட்டது. பெட்டிக்கு உன் கையெழுத்து, ரூட்டருக்கு என் கையெழுத்து: வேலை நாளில் நீ மலையைத் தொடுவதானால் முதல் நாளே எனக்குச் சொல்ல வேண்டும், கணபதி அடிவாரத்தில் நிற்க வேண்டும், "சேமி" என்று நீ அடிக்கும் முன் அவன் "சரி" என்று சொல்ல வேண்டும். பிரிக்காத அந்த உறை பால் சங்கத்துப் பீரோவில் இருக்கும். இருவர் கையெழுத்து இல்லாமல் வெளியே வராது. ஹெரவள்ளியும் மற்ற மூன்று ஊரும் வலையில் இருக்கும், கட்டுப்படியானாலும் ஆகாவிட்டாலும். திட்டுவதற்கு இரண்டு பக்கமும் கட்டணம் இல்லை.

திம்மப்ப நாயக்